திகதியை எடுத்துவிடாதீர்கள்

மதிப்புக்குரிய ஐயாவுக்கு,

நான் பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறேன். 12 வருடமாக ஞாயிறு பத்திரிகைகளில் கதை எழுதி வருகிறேன். இப்போது 23 கதைகள் சேர்ந்திருக்கின்றன. சொந்தச் செலவில் தொகுதியாகப் போட ஆசை. எந்தக் கதையை முதலில் வைப்பது, எதைக் கடைசியில் வைப்பது என்று தெரியாமல் குழம்பிப்போய் இருக்கிறேன். நீங்கள்தான் வழிகாட்ட வேண்டும். அணிந்துரைக்கு மூன்று பேரைக் கேட்டிருக்கிறேன், ஒருவர் அரசியல்வாதி. புத்தகத்துக்கான ஐ.எஸ்.பி.என். எண்ணை எப்படி எடுப்பது? 500 பிரதி அடித்தால்தான் கட்டுப்படியாகும் என்று அச்சகத்தில் சொல்கிறார்கள். அம்மா தன் சங்கிலியை அடகு வைத்துத் தருகிறேன் என்கிறார். இரண்டு கதைகளை இணைத்திருக்கிறேன், முதலாவது 2016இல் வந்தது. கதைக்குக் கீழே வருடத்தைப் போட்டால் பழைய சரக்கு என்று நினைப்பார்களோ என்று பயமாக இருக்கிறது. எடுத்துவிடலாம்தானே?

ம., பொகவந்தலாவை

அன்புள்ள மகளுக்கு,

கடைசி வரியில் போகிற போக்கில் ஒன்றைக் கேட்டிருக்கிறீர்கள். அதற்குத்தான் முதலில் பதில். எடுக்கக் கூடாது. வருடம் மட்டும் போட்டாலும் போதாது. மாதம், திகதி, பத்திரிகையின் பெயர் எல்லாம் வேண்டும்.

மலையகத் தொகுதிகளைப் புரட்டும்போதெல்லாம் எனக்கு இந்தக் கோபம் வருகிறது. அணிந்துரை, வாழ்த்துரை, ஆசியுரை என்று முன்பக்கங்களை அடைத்து வைத்திருப்பார்கள். கதை எப்போது, எங்கே வந்தது என்று ஒரு வரி இருக்காது.

உங்கள் 2016 கதையையே எடுத்துக்கொள்வோம். தேயிலைக் கொழுந்தை நிறுவைக்குக் கொடுத்துவிட்டு வருகிற அந்தப் பெண், "ஆயிரம் வந்திச்சின்னா மூத்தவனுக்கு ஒரு சப்பாத்து வாங்கிரலாம்" என்கிறாள். எழுதத் தெரிந்தவரின் வரி. ஆனால் அது எந்த ஆயிரம்? 2016இல் அது தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் இல்லை, சனங்கள் ரோட்டில் இறங்கிக் கேட்டுக்கொண்டிருந்த கோரிக்கை. அந்த ஒக்டோபரில் தொழிற்சங்கங்களும் தோட்டக் கம்பனிகளும் கைச்சாத்திட்ட கூட்டு ஒப்பந்தம் நாளுக்கான அடிப்படைச் சம்பளத்தை 450இலிருந்து 500 ரூபாவாக்கியது, அவ்வளவுதான். 2019இல் 700. நாளுக்கு ஆயிரம் என்று வர்த்தமானி வந்தது 2021 மார்ச்சில், அதுவும் அடிப்படை 900, கொடுப்பனவு 100 என்று பிரித்து. அடுத்த வருடமே விலைவாசி ஏறிய ஏற்றத்தில் அந்தக் காசு கரைந்துபோனது. கதைக்குக் கீழே 2016 என்று இருந்தால் அவள் இல்லாத ஒன்றுக்கு ஆசைப்படுகிறாள் என்று தெரியும். இல்லாவிட்டால், மாதக் கடைசியில் கைக்கு வரப்போகிற சம்பளத்துக்குக் கணக்குப் போடுகிறாள் என்று நினைத்துக்கொண்டு வாசகன் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவான். உங்கள் வரியின் வலி முழுக்க அந்த நாலு இலக்கத்தில் இருக்கிறது. அதைப்போய் எடுக்கட்டுமா என்கிறீர்கள்.

பழைய சரக்கு என்று நினைத்தால் நினைக்கட்டும். மலையக எழுத்தாளர் என்.எஸ்.எம். இராமையாவின் 'ஒரு கூடைக் கொழுந்து' கதை பத்திரிகையில் வந்தது 1961இல். அந்தப் பெயரில் அவருடைய தொகுதி வந்தது 1980இல். பழசு என்று யார் அதை ஒதுக்கினார்கள்?

என் சித்தப்பாவும் கதை எழுதியவர். தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்தார். 1964இல் இலங்கையும் இந்தியாவும் செய்த சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் தோட்டத் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று எழுதிவைத்ததே, அவர் குடும்பமும் அதில் அடங்கியது. எழுபதுகளில் தலைமன்னாருக்கு ரயில் ஏறும்போது ஒரு தகரப் பெட்டியை அப்பாவிடம் விட்டுப் போனார். உள்ளே அவருடைய கதைகள், தோட்டத்தில் பேர் பதிகிற பழைய செக்ரோல் புத்தகமொன்றில் கோதுமை மாப் பசை வைத்து ஒட்டியவை. பிளேடால் வெட்டியிருக்கிறார், ஓரத்தில் ஒரு பிசிறு கிடையாது. அவ்வளவு ஒழுங்காக வெட்டியதில் பத்திரிகையின் பெயரும் திகதியும் இருந்த மேல் ஓரம் போய்விட்டது. பசை விட்டு உரிந்து வந்த துண்டுகளின் பின்பக்கத்தைத்தான் நான் வாசித்து வாசித்துப் பார்ப்பேன். ஒன்றில் பாதி சினிமா விளம்பரம், படத்தின் பெயர் இருந்த பக்கம் இல்லை. இன்னொன்றில் சுவீப் சீட்டிழுப்பு முடிவுகள். ஒன்றே ஒன்றில் அரசாங்கம் பங்கீட்டில் கொடுத்த கூப்பன் அரிசியை இரண்டு கொத்திலிருந்து ஒரு கொத்தாக்கிய செய்தி இருந்தது. அதை வைத்து அந்தக் கதை 1966 டிசெம்பரை ஒட்டி வந்தது என்று சொல்ல முடிகிறது. மற்றவற்றுக்கு வயது தெரியாது. அதில் ஒரு கதை, இந்தியாவுக்குப் போக எழுதிக் கொடுப்பதா வேண்டாமா என்று புருஷனும் பெண்சாதியும் விடிய விடியப் பேசுவது. சித்தப்பா அதை எழுதியது தான் விண்ணப்பம் போடுவதற்கு முன்பா, போட்டுவிட்டா? முன்பு என்றால் அது ஒரு கதை, பின்பு என்றால் அது வேறு கதை. அவரும் இல்லை, சித்தியும் இல்லை. யாரிடம் போய்க் கேட்பது?

நீங்கள் உயிரோடு இருக்கிறீர்கள், உங்களிடம் கேட்கலாம். அதனால் தடித்த சி.ஆர். கொப்பி ஒன்று வாங்கி இன்றைக்கே உட்காருங்கள். கதையின் பெயர், பத்திரிகை, திகதி, எந்தப் பெயரில் எழுதினீர்கள், பத்திரிகை ஆசிரியர் எதை வெட்டினார், தொகுதிக்காக நீங்கள் எதை மாற்றினீர்கள், எல்லாம் எழுதுங்கள். மாற்றியிருந்தால் அதற்கும் வருடம் போடுங்கள். திகதி தெரியாதவை நாலைந்து கட்டாயம் இருக்கும். தவணை விடுமுறையில் கொழும்புக்குப் போய்த் தேசிய சுவடிகள் திணைக்களத்தில் பழைய பத்திரிகைகளைக் கேட்டுப் பாருங்கள்.

அப்புறம் அந்தச் சங்கிலி. அம்மா தருகிறேன் என்றால் நீங்களும் சரி என்பீர்களா? எந்தத் தொகுதியும் அப்படி வர வேண்டியதில்லை. 500 அடித்தால் ஒரு பிரதியின் செலவு குறையும், உண்மைதான். விற்காத 300 பிரதி உங்கள் கட்டிலுக்குக் கீழேதான் கிடக்கும். பொகவந்தலாவை ஈரத்தில் ஒரு மழைக்காலம் போனால் அட்டை பூஞ்சணம் பிடித்துவிடும். டிஜிட்டல் அச்சில் 100 போடுங்கள். பிரதிக்குச் செலவு கூடும், கூடட்டும். தீர்ந்ததும் மறுபடி போடலாம்.

அணிந்துரைக்கு ஒருவர் போதும், கதைகளை முழுக்க வாசித்தவராக இருக்க வேண்டும். அரசியல்வாதி வேண்டாம். ஐ.எஸ்.பி.என். பெரிய காரியமே இல்லை. கொழும்பு 7இல் தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபைக்கு நீங்களே விண்ணப்பிக்கலாம். அச்சுக்குப் போகுமுன் எண் கையில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

வரிசையைக் கேட்டிருந்தீர்கள். 23ஐயும் போடாதீர்கள், 15 போதும். எதை முதலில் வைப்பது என்று எழுதியவருக்கே தெரியும். எல்லாவற்றையும் ஒரே நாளில் சத்தமாக வாசித்துப் பாருங்கள்.

புரூப் பார்ப்பதில் மட்டும் சோம்பல் கூடாது. நீங்கள் யூனிகோட்டில் கொடுப்பதை நம் அச்சகங்கள் பல இன்னும் பாமினி என்ற பழைய எழுத்துருவுக்கு மாற்றித்தான் பக்கம் கட்டுகின்றன. மாற்றிய பிறகு ஒருமுறை எழுத்தெழுத்தாகப் பார்க்க வேண்டும். 'கௌரவம்' என்பதில் 'கௌ' உடைந்து, 'கெ', 'ள' என்று இரண்டு எழுத்தாகி 'கெளரவம்' ஆகியிருக்கும். மடித்த அச்சுத் தாள் ஒன்றை, அதாவது ஒரு பாரத்தை, 16 பக்கம் என்று வைக்கிற கணக்கில் ஒரு பக்கம் மிஞ்சினால், கதைக்குக் கீழே இருக்கிற அந்தச் சின்ன வரியைத்தான் முதலில் தூக்குவார்கள். தூக்க விடாதீர்கள். வேண்டுமானால் ஒரு கதையைக் குறையுங்கள்.

அந்தச் சப்பாத்துக் கதை 2016இல் எந்த மாதம் வந்தது என்று உடனே எழுதுங்கள். அந்தச் சம்பள ஒப்பந்தம் கைச்சாத்தாவதற்கு முன்பா பின்பா என்று எனக்குத் தெரிய வேண்டும்.