அக்காவுக்கு இரண்டு வரி

கேள்வி: அம்மா, எனக்கு வயது 47. திருப்பூரில் சிறியதாக ஒரு பனியன் தையல் யூனிட் நடத்துகிறேன். ஓய்வுக்காலத்துக்குத் தண்ணீர்க் கரையில் ஒரு வீடு வேண்டும் என்பது வெகுநாள் ஆசை. சிறுமுகைக்கு அப்பால், பவானிசாகர் அணைத் தண்ணீர் திண்ணையிலிருந்தே தெரிகிற மாதிரி, 40 சென்ட் தோப்போடு ஒரு ஓட்டு வீடு அமைந்திருக்கிறது. 28 தென்னை, ஒரு கிணறு, நல்ல காற்று. தரகர் கிடையாது; எங்களுக்குச் சரக்கு ஏற்றும் லாரி டிரைவர் சொல்லித்தான் தெரியும். விற்பவர்கள் அண்ணன் தம்பி இருவர். அவர்களுடைய அப்பா சம்பாதித்து வாங்கிய இடம். அவர் 2012-இல் இறந்தார், பிறகு அம்மாவும் போய்விட்டார். உயில் எதுவும் இல்லை. பட்டா இருவர் பெயருக்கும் மாறிவிட்டது, வில்லங்கச் சான்று முப்பது வருடத்துக்கும் சுத்தம். விலை 62 லட்சம். ஆடி பிறப்பதற்குள் 5 லட்சம் முன்பணம் கேட்கிறார்கள். அவர்களுக்கு ஒரு அக்கா உண்டு. கல்யாணத்திலேயே எல்லாம் செய்து அனுப்பிவிட்டதால் கையெழுத்து வேண்டியதில்லை என்கிறார்கள். எங்கள் வீட்டிலும் பூர்வீகத் தோட்டம் விற்றபோது தங்கை கேட்டதும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். அந்தப் பணம்தான் இப்போது கையில் இருக்கிறது. தரகர் இல்லாமல் வாங்கலாமா? விலையை இன்னும் குறைக்க முடியுமா? பத்திரத்தில் குறைத்துக் காட்டினால் செலவு மிச்சமாகுமா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகர், திருப்பூர்

பதில்: தம்பி, தென்னை மரங்களை எண்ணியிருக்கிறீர்கள். அந்த அக்கா எந்த ஊரில் இருக்கிறார் என்று விசாரிக்கவில்லை. அவருக்குப் பெயர்கூட இல்லை உங்கள் கடிதத்தில். நீங்கள் கேட்ட மூன்று கேள்விகளும் அவரைப் பற்றி எழுதிய அந்த இரண்டு வரிகளுக்குப் பின்னால்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் சட்டத்தை முடித்துவிடுகிறேன். அப்பா தானே சம்பாதித்து வாங்கிய இடம், உயில் எழுதாமல் இறந்தார் என்று நீங்களே சொல்கிறீர்கள். அப்படியானால் 1956-இல் வந்த இந்து வாரிசுரிமைச் சட்டப்படியே மகனுக்கும் மகளுக்கும் சமபங்கு. இதற்குப் புதிய திருத்தம் எதுவும் தேவையில்லை. அம்மாவின் பங்கும் அவர் காலத்துக்குப் பிறகு மூன்று பிள்ளைகளுக்கும்தான் போகிறது. ஆக அந்த வீட்டில் மூன்றில் ஒரு பங்கு அக்காவுடையது. சகோதரர்கள் இருவரும் சேர்ந்து மனது வைத்தாலும் அந்தப் பங்கை விற்க முடியாது. அவர்களிடம் இல்லாததை எப்படி விற்பார்கள்? மீறி வாங்கினால் மற்ற இரண்டு பங்கோடு நிற்பீர்கள். அதுவும் நிம்மதியாக அல்ல. பாகம் பிரிக்காத குடும்ப வீட்டில் ஒரு பங்கை வாங்கிய வெளியாள், உள்ளே வந்து சேர்ந்து குடியிருக்க உரிமை கேட்க முடியாது என்று சொத்து மாற்றுச் சட்டத்தின் 44-ஆவது பிரிவு சொல்கிறது. 62 லட்சம் கொடுத்துவிட்டுத் திண்ணைக்கு வெளியே நிற்கப் போகிறீர்களா?

வில்லங்கச் சான்று சுத்தம் என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். சுத்தமாகத்தான் இருக்கும். பதிவான பத்திரங்கள்தானே அதில் ஏறும்? யாரும் போய்க் கேட்காத ஒரு பெண்ணின் பங்கு எந்தச் சார்பதிவாளர் அலுவலகத்திலும் பதிவாகியிருக்காது. பட்டாவும் அப்படியே, இரண்டு பேர் பெயர் ஏறியதால் மூன்றாவது ஆளின் உரிமை போய்விடாது. தாசில்தார் கொடுக்கும் வாரிசுச் சான்றைக் கேளுங்கள். அக்காவின் பெயர் அதில் இருக்கும். அதை இதுவரை உங்கள் கண்ணில் காட்டாதது ஏன் என்றும் அவர்களிடமே கேளுங்கள்.

இவ்வளவும் ஒரு வக்கீல் சொல்லக்கூடியது. எனக்கு உறுத்துவது அடுத்த வரி. “தங்கை கேட்டதும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.” விற்பவர்கள் சொன்னதை நீங்கள் சந்தேகப்படாமல் நம்பியதற்குக் காரணம் அந்த வரியில் இருக்கிறது. உங்கள் வீட்டில் நடந்ததுதானே அங்கேயும் நடக்கிறது, பிறகு எப்படித் தப்பாகத் தெரியும்?

கேட்டதும் போடுகிற கையெழுத்து எப்படி வாங்கப்படுகிறது என்று பல வருடமாக இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் படித்துவருகிறேன். முந்தின நாள் இரவு அண்ணியிடமிருந்து போன் வரும். காலையில் அண்ணன் காரோடு வாசலில் நிற்பான். பத்திர அலுவலக வராந்தாவில், காலையில் அவசரமாகக் கட்டிய பட்டுச்சேலையோடு அவள் உட்கார்ந்திருப்பாள். எழுத்தர் பக்கத்தைப் புரட்டிப் புரட்டி இங்கே, இங்கே என்று விரலால் காட்டுவார். படிக்க நேரம் இருக்காது. போட்டோ எடுப்பார்கள், கைவிரலை ஒற்றச் சொல்வார்கள். திரும்பும் வழியில் ஓட்டலில் சாப்பாடு, ஜவுளிக்கடையில் ஒரு சேலை, கையில் ஒரு கவர். சாயங்காலம் அவள் தன் வீட்டு வாசலில் இறங்கும்போது, சொத்து என்ன விலைக்குப் போனது என்பது அவளுக்குத் தெரிந்திருக்காது.

ஏன் போட்டாள்? ஆசை இல்லாமலா? நம் கொங்கு நாட்டில் பெண்ணுக்குப் பிறந்த வீடு என்றால் பொங்கலுக்கும் ஆடிக்கும் வருகிற சீர், பிள்ளைக்குக் காது குத்தும்போது மடியில் உட்காரவைக்கிற தாய்மாமன், கடைசியில் அவள் மேல் விழ வேண்டிய கோடிச்சேலை. பங்கு கேட்டால் இதெல்லாம் நின்றுபோகும் என்று அவளுக்கு யாரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டியதில்லை. நிலத்தைக் கொடுத்து அந்த வாசலைத் தக்கவைத்துக்கொள்கிறாள். அதைப் பெருந்தன்மை என்று நீங்கள் எடுத்துக்கொண்டீர்கள். பயம் என்று நான் சொல்கிறேன்.

உங்கள் கல்யாணத்தில் இணைச்சீர் நடந்திருக்குமே? தாலி கட்டப் போகிற மாப்பிள்ளையைத் தன் உடன்பிறந்தவளோடு சேர்த்து நிறுத்தி ஒரு சடங்கே வைத்திருக்கிறோம். இன்னொருத்தி வந்தாலும் இவளை விட்டுவிடாதே என்பதற்காக ஊர் முன்னிலையில் செய்வது அது. வேறு எந்த ஊர்க்காரரிடமும் இதைச் சொல்லிப் பீற்றிக்கொள்கிறோம். மண்டபத்தில் இணைச்சீர், பத்திர அலுவலகத்தில் அவள் பங்கை விட்டுக்கொடுக்க ஒரு விடுதலைப் பத்திரம். வெட்கமாக இல்லையா தம்பி?

நகை போட்டோம், கார் கொடுத்தோம், அதுவே அவள் பங்கு என்பீர்கள். கல்யாணத்துக்குச் செய்த சீரைப் பங்கில் கழித்துக்கொள்ளலாம் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. அந்தக் கணக்கைப் போட ஆரம்பித்தால் உங்கள் படிப்புச் செலவு, யூனிட் தொடங்க அப்பா கொடுத்த முதல், உங்கள் கல்யாணச் செலவு எல்லாவற்றையும் எதிர்ப்பக்கத்தில் எழுத வேண்டும். அப்பா அம்மாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்டது நாங்கள்தானே என்றும் அடுத்த கடிதத்தில் எழுதுவீர்கள். பார்த்துக்கொண்டது உங்கள் மனைவி. அது இருக்கட்டும், பெற்றவர்களைப் பார்ப்பது கடமை, அதற்குக் கூலி கேட்டுப் பில் போடுவதில்லை. அதை மதித்துத் தங்கையே குறைத்து வாங்கிக்கொள்கிறேன் என்றால் சரி. ஆனால் அதை அவள் வாயால், முழு விலையும் தெரிந்த பிறகு சொல்ல வேண்டும்.

இப்போது உங்கள் கேள்விகள். தரகர் இல்லாமல் தாராளமாக வாங்கலாம். தரகு மிச்சம், ஆனால் தரகர் அலைகிற அலைச்சல் முழுவதும் உங்கள் தலையில். மூலப்பத்திரம், வாரிசுச் சான்று, நிலத்தின் அளவைக் காட்டும் புலப்படம் மூன்றையும் வாங்கி, இந்த விற்பனையில் சம்பந்தமில்லாத ஒரு வக்கீலிடம் கொடுங்கள். மலையடிவாரக் கிராமம் என்பதால், அங்கே கட்ட, இடிக்க மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் அனுமதி வேண்டுமா என்பதையும் கேட்டுவிடுங்கள். யானை நடமாடும் பக்கம். காற்று வாங்க மட்டும் நினைத்துக்கொண்டு போகாதீர்கள்.

விலையைக் குறைப்பது உங்கள் சாமர்த்தியம், எனக்கு அதில் அக்கறை இல்லை. பத்திரத்தில் குறைத்துக் காட்டுவதில் உண்டு. முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். இந்த 9 சதவீதத்தில் கொஞ்சம் மிச்சம் பிடிக்கத்தான் கேட்கிறீர்கள். மீதியை ரொக்கமாகக் கொடுக்க வேண்டி வரும். நிலம், வீடு விற்கிறவர் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது என்று வருமான வரிச் சட்டம் சொல்கிறது. அதைவிட இன்னொன்று இருக்கிறது. 62 லட்சத்துக்கு விற்றதை 35 என்று எழுதினால், நாளைக்கு அக்கா கேட்கும்போது தம்பிகள் எடுத்து நீட்டப் போவது எந்தத் தொகை? அந்தப் பொய்க்கு நீங்களும் கையெழுத்துப் போட்டிருப்பீர்கள். உங்கள் தோட்டப் பத்திரத்தில் என்ன விலை எழுதினீர்கள் என்று நான் கேட்கவில்லை. தங்கை கேட்கலாம்.

ஆடி பிறப்பதற்குள் முன்பணம் என்று அவசரப்படுத்துகிறார்களாமே, பிறக்கட்டும். நீங்கள் கோடையில் போய் வீட்டைப் பார்த்திருக்கிறீர்கள். 1955-இல் கட்டி முடித்த அணை, முழு நீர்மட்டம் 105 அடி. கோடையில் வற்றினால் உள்ளே மூழ்கிய டணாய்க்கன்கோட்டைக் கோயில் தலைகாட்டும். நீலகிரியில் மழை பிடித்தால் கதையே வேறு. தண்ணீர் ஏறிய ஆண்டுகளில் லிங்காபுரத்துக்கும் காந்தவயலுக்கும் நடுவே பாலம் மூழ்கி ஜனங்கள் பரிசலில் போனதையும், நீர்ப்பிடிப்பில் வைத்த வாழையை இடுப்பளவுத் தண்ணீரில் நின்று வெட்டி ஏற்றியதையும் செய்தித்தாளில் பார்த்திருப்பீர்கள். ஆடி, ஆவணியில் ஒருமுறை போய் நில்லுங்கள். சர்வேயரை வைத்து அளந்து, பட்டா நிலம் எங்கே முடிகிறது, அணைக்கு எடுத்த நிலம் எங்கே தொடங்குகிறது என்று கல்லைப் பாருங்கள். அந்த 28 தென்னையில் எத்தனை உங்களுடையது என்று அப்போது தெரியும்.

அதற்குள் அக்காவின் ஊரைக் கேட்டு, உங்கள் மனைவியோடு போய்ப் பாருங்கள். தம்பிகள் கூட வர வேண்டாம். விலையைச் சொல்லுங்கள், சம்மதமா என்று கேளுங்கள். சம்மதம் என்றால் கிரைய ஒப்பந்தத்திலிருந்தே அவரும் ஒரு விற்பனையாளராகச் சேர வேண்டும்; ஒப்பந்தத்தைப் பதிவு செய்ய வேண்டும்; அவர் பங்குக்கு அவர் பெயரில் தனி வங்கி வரைவோலை. தம்பிகளிடம் மொத்தமாகக் கொடுத்து, அவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று நீங்கள் கைகழுவக் கூடாது. தம்பிகள் இதற்கு மறுத்தால் வீட்டை விட்டுவிடுங்கள். தண்ணீர்க் கரையில் வேறு வீடு கிடைக்கும்.

கடைசியாக, கையில் இருக்கிற அந்தப் பணம். பூர்வீகச் சொத்தில் மகளுக்கு மகனைப் போலவே பிறப்பால் உரிமை என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. கையெழுத்து வாங்கிவிட்டதால் சட்டம் உங்களை இப்போது ஒன்றும் செய்யாமல் போகலாம். நான் சட்டத்தைப் பேசவில்லை. ஆடிச் சீருக்குத் தங்கையை அழைப்பீர்கள் அல்லவா? தோட்டத்தின் கிரையப் பத்திர நகல் ஒன்றை எடுத்து வையுங்கள். வாங்கியவர் உண்மையில் கொடுத்த தொகையை அதன் மேல் உங்கள் கையாலேயே எழுதி அவளிடம் கொடுங்கள். அவள் எவ்வளவு கேட்கிறாளோ அதைக் கொடுத்த பிறகு மீதி எவ்வளவு என்று எழுதுங்கள். அந்தத் தொகைக்கு எந்தக் கரையில் என்ன வீடு வாங்கலாம் என்று அப்போது பேசலாம்.