நம்மைப் பார்க்கிற விலங்கு: புத்தகங்களில் ஜாகுவார்

கேள்வி: ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத புத்தகங்களில் திரும்பத் திரும்ப வந்து உங்களை விடாமல் பிடித்துக்கொண்ட விலங்கு ஏதாவது உண்டா? ஏன் அது?

உண்டு. ஜாகுவார்.

இலங்கையில் ஜாகுவார் கிடையாது. மெக்சிகோவிலிருந்து அர்ஜென்டினாவின் வடக்கு வரை உள்ள காடுகளும் சதுப்புகளும்தான் அதன் ஊர். நான் இருப்பது பொகவந்தலாவைப் பக்கம், ஒரு தேயிலைத் தோட்டத்தில். எங்களுக்கு வாய்த்திருப்பது சிறுத்தை. இரண்டுக்கும் உடம்பு முழுக்கப் பூப்பூவாகப் புள்ளிகள். ஜாகுவாரின் பூவுக்கு நடுவில் சின்னப் பொட்டுகள் இருக்கும், சிறுத்தைக்கு இருக்காது. ஜாகுவாருக்குக் கட்டை உடம்பு, பெரிய தலை, இரையின் மண்டையோட்டையே கடித்துத் துளைக்கிற தாடை. ஆற்றில் இறங்கிக் கேமன் முதலையையே கவ்வித் தூக்கிவிடும். எங்கள் சிறுத்தைக்கு அந்தக் கனம் இல்லை. ஆனால் புலியும் சிங்கமும் இல்லாத இந்தத் தீவில் அதற்கு மேலே வேறு மிருகம் இல்லை. அங்கே ஜாகுவாருக்கும் அதே இடம்தான்.

இதனால் ஜாகுவார் வருகிற பக்கங்களை நான் வாசிக்கிற விதமே வேறு. தேயிலைக்குள் ஒரு பெரிய பூனை நடமாடுகிறது என்று தெரிந்தே காலையில் மலைக்குப் போகிறவர்களுக்கு நடுவில் வளர்ந்தவன் நான். எங்கள் பெண்கள் கொழுந்து எடுக்க இறங்கும்போது சத்தமாகப் பேசிக்கொண்டுதான் இறங்குவார்கள். முதல் ஆள் தேயிலை நிரைக்குள் கால் வைப்பதற்கு முன் ஒரு கூப்பாடு போடுவாள். செடிக்கடியிலோ தண்ணீர் வடிகிற கானுக்குள்ளோ சிறுத்தை படுத்திருந்தால் எழுந்து போக அதற்கு நேரம் கொடுக்க வேண்டும். திடுக்கிட வைத்தால்தான் ஆபத்து. அம்மா சொல்வார்: “நாம பாக்குறதுக்கு முன்னாடியே அது நம்மள பாத்திருக்கும்டா. அது பாத்தா பரவாயில்ல, திடீர்னு பாக்கக் கூடாது, அவ்வளவுதான்.”

பேராதனையில் படித்த காலத்தில் நூலகத்தில் கண்ணில் பட்டதையெல்லாம் எடுத்து வாசித்தேன். கதை, கவிதை, மானிடவியல், புராணம், வேட்டைக்காரர் குறிப்புகள் என்று எந்தத் தட்டுக்குப் போனாலும் ஜாகுவார் இருந்தது. போகப் போக ஒன்று பிடிபட்டது. ஜாகுவார் எந்தப் புத்தகத்தில் மனிதனைப் பார்க்கிறதோ, அந்தப் புத்தகம் தேறிவிடுகிறது. மனிதன் மட்டும் அதைப் பார்த்துக்கொண்டிருக்கிற புத்தகத்தில் அது வெறும் தோல்.

தோலாகவே வருகிற புத்தகங்களை முதலில் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் முன்னாள் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் 1914-இல் எழுதிய பிரேசில் பயண நூலில் ஜாகுவார் வேட்டை வருகிறது. நாய்கள் துரத்துகின்றன, அது மரத்தில் ஏறுகிறது, துப்பாக்கி வெடிக்கிறது. நுவரெலியாவில் தங்கி வேட்டையாடிய சாமுவேல் பேக்கர் 1850-களில் எழுதிய இலங்கைப் புத்தகமும் இதே சாதி. நாய்களின் பெயரும் குணமும் அதில் அவ்வளவு விரிவாக வரும். சுடப்படுகிற மிருகத்துக்குத் தனி முகம் இருப்பது அபூர்வம். இந்தப் புத்தகங்களில் தகவல் நிறைய உண்டு, அதற்காக வாசிக்கலாம். கிப்ளிங்கின் 1902 சிறுவர் கதை ஒன்றில் அமேசான் கரையில் ஒரு குட்டி ஜாகுவார் வருகிறது. ஆமையை ஓட்டிலிருந்து எப்படித் தோண்டி எடுப்பது, முள்ளெலியைத் தண்ணீரில் போட்டு எப்படி விரிய வைப்பது என்று அம்மா சொல்லித் தருகிறது. ஆமையும் முள்ளெலியும் சேர்ந்து பேசிப் பேசியே குட்டியைக் குழப்பிவிடுகின்றன. பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடிக்கும். பெரு நாட்டு எழுத்தாளர் மாரியோ வர்காஸ் யோசாவின் 1963 நாவலில் லீமாவின் இராணுவப் பள்ளி மாணவன் ஒருவனுக்கு ஜாகுவார் என்று பட்டப்பெயர். நாவல் பெரியதுதான், ஆனால் அங்கே அது ஒரு பையனின் முரட்டுத்தனத்துக்கு வைத்த பெயர், மிருகம் இல்லை.

சரி, இனி நான் சொல்ல ஆசைப்படுகிறவை.

அர்ஜென்டின எழுத்தாளர் போர்ஹெஸ் 1949-இல் எழுதிய ‘கடவுளின் எழுத்து’ என்ற சிறுகதை. ஸ்பானியப் படைத்தலைவன் பெத்ரோ தெ அல்வராதோ எரித்துவிட்ட கோயிலின் பூசாரி பாதாளச் சிறையில் கிடக்கிறான். சிறைக்கு நடுவே ஒரு சுவர், சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு ஜாகுவார். தரையை ஒட்டிக் கம்பி போட்ட நீண்ட சன்னல். நாளுக்கு ஒருமுறை, நடுப்பகலில், மேலேயிருக்கிற கதவு திறக்கும். காவலன் கயிற்றில் தண்ணீரும் இறைச்சியும் இறக்குகிற அந்தச் சில நொடி வெளிச்சத்தில்தான் ஜாகுவாரைப் பார்க்க முடியும். உலகம் அழிகிற நாளுக்கென்று கடவுள் முதல் நாளிலேயே எழுதி வைத்த ஒரு மந்திரம் இந்தப் புள்ளிகளில்தான் இருக்கிறது என்று பூசாரி நம்புகிறான். ஒரு நாளைக்கு ஒரு கணம் வெளிச்சம், மீதி நேரமெல்லாம் இருட்டில் அதை நினைத்து நினைத்துப் படிப்பது. வருடக்கணக்கில் இப்படிப் படிக்கிறான். கடைசியில் படித்தும் விடுகிறான். பதினான்கு சொற்கள். உச்சரித்தால் சிறை இருக்காது, எதிரி இருக்கமாட்டான், ஜாகுவாரின் பல்லுக்கு எதிரியே இரையாவான். அவன் உச்சரிப்பதில்லை. பிரபஞ்சம் முழுவதையும் பார்த்துவிட்டவனுக்கு அந்தச் சிறையில் கிடக்கிற ஒரு மனிதன் பெரிதாகப் படவில்லை.

இதை வெறும் கற்பனை என்று நான் ஒதுக்குவதில்லை. எந்த இரண்டு ஜாகுவாருக்கும் புள்ளிகள் ஒன்றுபோல அமையாது, எந்த இரண்டு சிறுத்தைக்கும் அமையாது. இன்று காடுகளில் தானியங்கிக் கமரா கட்டி வைக்கிற ஆய்வாளர்கள் அதை வைத்துத்தான் ஒவ்வொன்றையும் அடையாளம் காண்கிறார்கள். இரவில் ஒரு கணம் ஒளி பளிச்சிடும், ஒரு படம் பதியும். அப்புறம் மேசையில் உட்கார்ந்து விலாப் பக்கத்துப் பூக்களை ஒவ்வொன்றாக ஒப்பிட்டு, இது போன மாதம் வந்த அதே பெண் சிறுத்தையா, புதிதாக வந்ததா என்று முடிவு செய்வார்கள். அந்தப் பூசாரி செய்த வேலையேதான். கதையைப் படித்த பிறகு இப்படி ஒரு கமராப் படத்தைப் பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

கூண்டுக்குள் இருக்கிற இன்னொரு ஜாகுவார் ஆங்கிலக் கவிஞர் டெட் ஹியூஸின் கவிதையில் வருகிறது, 1957 தொகுப்பில். மிருகக்காட்சிசாலையில் மற்றதெல்லாம் தூங்கி வழிகிறது. கூட்டம் ஒரு கூண்டின் முன் மட்டும் மந்திரித்து விட்டதுபோல நிற்கிறது. உள்ளே அது நடக்கிறது, அதற்குக் கூண்டு என்ற ஒன்று தெரிவதே இல்லை. கூட்டத்தையும் அது சட்டை செய்வதில்லை. பார்க்க வந்தவர்களுக்கு அது ஒரு பார்வைகூடத் தருவதில்லை என்பதுதான் கவிதையின் பலம் என்று நினைக்கிறேன்.

அப்புறம் ‘பொபோல் வூ’, குவாத்தமாலாவின் கிச்சே மாயா மக்களின் புராணம். இன்று நம் கைக்குக் கிடைப்பது 18-ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் பிரான்சிஸ்கோ ஹிமெனெஸ் என்ற பாதிரியார் எடுத்த படி. மக்காச்சோள மாவிலிருந்து தேவர்கள் முதல் நான்கு மனிதர்களைச் செய்கிறார்கள். அவர்களில் மூவரின் பெயரிலேயே ஜாகுவார் இருக்கிறது. அந்த நான்கு பேருக்கும் இருந்த இடத்திலிருந்தே உலகம் முழுவதும் தெரிகிறது. மறைவு என்று அவர்களுக்கு ஒன்றும் இல்லை. இப்படி விட்டால் நமக்குச் சமமாகிவிடுவார்கள் என்று தேவர்கள் கவலைப்பட்டு, கண்ணாடியில் மூச்சு விட்டால் மங்குமே, அதுபோல அவர்கள் கண்ணை மங்க வைத்துவிடுகிறார்கள். அதற்குப் பிறகு மனிதனுக்குப் பக்கத்தில் உள்ளது மட்டும்தான் தெரியும். ஜாகுவார்ப் பெயர் கொண்ட மூதாதைகளிடம் இருந்து முதலில் பறிக்கப்பட்டது பார்வை! இந்த இடத்தை நான் பலருக்கு வாசித்துக் காட்டியிருக்கிறேன்.

மானிடவியல் பக்கம் வந்தால் இன்னும் சுவை. லெவி-ஸ்ட்ராஸ் 1964-இல் வெளியிட்ட ‘பச்சையும் சமைத்ததும்’ நூலில் மத்திய பிரேசிலின் ழே மொழி பேசும் மக்களின் கதைகள் வருகின்றன. நெருப்பு முதலில் ஜாகுவாரிடம்தான் இருந்தது. மனிதர்கள் பச்சை இறைச்சி தின்றுகொண்டிருந்தார்கள். மக்காவ் கிளிக் குஞ்சு எடுக்கப் பாறையில் ஏறிய பையனை மேலேயே விட்டுவிட்டு மைத்துனன் போய்விடுகிறான். கீழே வந்த ஜாகுவார் தரையில் பையனின் நிழலைப் பார்த்து அதன் மேல் பாய்கிறது. பிறகுதான் நிமிர்ந்து மேலே பார்க்கிறது. அவனை இறக்கி, வீட்டுக்குக் கூட்டிப்போய்ப் பிள்ளையாக வளர்க்கிறது, சுட்ட இறைச்சி கொடுக்கிறது, வில் பிடிக்கக் கற்றுக்கொடுக்கிறது. அவன் ஊருக்குத் திரும்பிச் சொன்னதும் மனிதர்கள் எல்லாரும் வந்து நெருப்பைத் திருடிக்கொண்டு போகிறார்கள். அன்றிலிருந்து ஜாகுவாருக்குப் பச்சை இறைச்சியும் மனிதன் மேல் கோபமும்தான் மிச்சம். நெருப்பில் அதனிடம் எஞ்சியிருப்பது கண்ணில் தெரிகிற பிரதிபலிப்பு மட்டும்.

இரவில் எங்கள் தோட்டத்து ரோட்டில் ஓட்டோவில் வரும்போது, வளைவில் வெளிச்சம் திரும்புகிற இடத்தில், தேயிலைக்கு மேலே இரண்டு கண் எரிவதைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கதையை விளக்க வேண்டியதில்லை. கண்ணுக்குப் பின்னால் உள்ள படலம் ஒளியைத் திருப்பியடிக்கிறது என்று பாடப்புத்தகம் சொல்லும், உண்மைதான். ஓட்டோக்காரர் வெளிச்சத்தைத் தணித்து, என்ஜினை நிறுத்தாமல் காத்திருப்பார். அந்தக் கண்கள் அவசரப்படாது. கொஞ்ச நேரம் எங்களைப் பார்த்துவிட்டு ஒரு பக்கமாகத் திரும்பும், அப்போது ஒரு கண் மட்டும் தெரியும், பிறகு அதுவும் இல்லை. அவர் கியரைப் போட்டுவிட்டு, “போயிருச்சு சேர்” என்பார், அவ்வளவுதான். எங்களிடம் கோபப்பட அதற்கும் காரணங்கள் இருக்கின்றன என்று எனக்குத் தோன்றும்.

மானிடவியலாளர் எதுவார்தோ கோன் 2013-இல் எழுதிய ‘காடுகள் எப்படிச் சிந்திக்கின்றன’ இன்னும் ஒரு படி போகிறது. ஈக்வடோர் அமேசானில், காட்டில் படுக்கும்போது மல்லாந்து படு என்று அவருக்குச் சொல்கிறார்கள். ஜாகுவார் வந்து பார்த்தால், இவனும் திரும்பிப் பார்க்கக்கூடியவன் என்று தெரிந்துகொண்டு விட்டுவிடும். குப்புறப் படுத்திருந்தால் அதற்கு நீ இறைச்சி. என்ன நுட்பமான நடைமுறை அறிவு! எங்கள் கொழுந்துப் பெண்கள் போடுகிற கூப்பாட்டுக்கும் இதற்கும் நான் வித்தியாசம் காணவில்லை. நானும் இங்கே ஓர் ஆள்தான் என்று அதற்குத் தெரியப்படுத்துவது. பிரேசில் மானிடவியலாளர் விவெய்ரோஸ் தெ காஸ்த்ரோ எழுதியதும் இங்கே சேரும்: அமேசான் மக்கள் பலரின் எண்ணத்தில் ஜாகுவார் தன்னை மனிதனாகவே காண்கிறது, நமக்கு இரத்தமாகத் தெரிவது அதற்கு மரவள்ளிக் கள்.

இந்த எண்ணத்தைக் கதையாக உச்சத்துக்குக் கொண்டுபோனவர் பிரேசில் எழுத்தாளர் கிமராயெஸ் ரோசா. ‘என் மாமன் ஜாகுவார்’ 1961-இல் ஒரு பிரேசில் இதழில் வந்தது. ஒரு குடிசை, ஓர் இரவு, வழிதவறி வந்த ஒரு விருந்தாளி. பேசுகிறவன் ஒருவன்தான். தாய் பழங்குடிப் பெண், தகப்பன் வெள்ளைக்காரன். அந்தப் பகுதியில் ஜாகுவாரே இல்லாமல் செய்யக் கூலிக்கு அமர்த்தப்பட்ட வேட்டைக்காரன். தனியாகக் காட்டில் கிடந்து, கொன்றவற்றுக்காக வருந்தி, அவையே தன் சொந்தம் என்ற முடிவுக்கு வந்துவிட்டான். ஒரு பெண் ஜாகுவாருக்கு மரியா-மரியா என்று பெயர் வைத்துக் காதலிக்கிறான். விருந்தாளி ஊற்றிக் கொடுக்கிற சாராயம் ஏற ஏற, அவன் பேச்சில் போர்த்துக்கீசத்துக்குள் துப்பி என்ற பழங்குடி மொழி கலக்கிறது, அதற்குள் உறுமல் கலக்கிறது. கடைசி வரிகளில் எழுத்துகள்தான் இருக்கின்றன, சொற்கள் இல்லை. விருந்தாளியின் கையில் துப்பாக்கி. நான் வாசித்தது ஆங்கிலத்தில். அதிலேயே முதுகு சில்லிட்டது. கூலிக்கு ஒரு காட்டை ‘சுத்தம்’ செய்ய அனுப்பப்பட்ட மனிதனை இவ்வளவு உள்ளேயிருந்து எழுதிய இன்னொரு கதையை நான் வாசித்ததில்லை. காட்டை வெட்டித் தேயிலை போடக் கொண்டுவரப்பட்டவர்களின் வம்சத்தில் வந்தவன் என்பதால் அது என்னை அதிகமாகவே தாக்கியிருக்கலாம்.

கடைசியாக ஓர் உயிரியலாளர். அலன் ராபினோவிட்ஸ் சின்ன வயதில் கடுமையாகத் திக்குகிறவர். மிருகங்களிடம் மட்டும் திக்காமல் பேச வரும். பெரியவரானதும் பெலீஸ் நாட்டுக்குப் போய் ஜாகுவார்களைப் பிடித்துக் கழுத்தில் ரேடியோப் பட்டி கட்டி ஆராய்ந்தார். கொக்ஸ்கோம் பள்ளத்தாக்கு ஜாகுவார் சரணாலயமானது அந்த வேலையால்தான். அந்த நாட்களை 1986-இல் புத்தகமாக எழுதினார். 2014-இல் தன் கதையைப் பிள்ளைகளுக்கான படப்புத்தகமாகவும் தந்தார். படப்புத்தகத்தின் முடிவில் அவர் ஒரு ஜாகுவாரின் காலடித் தடத்தைத் தொடர்ந்து போகிறார். திரும்பிப் பார்த்தால் அது அவருக்குப் பின்னால் நிற்கிறது. அம்மா சொன்னதேதான்! 2018-இல் அவர் காலமானார்.

எங்கள் பக்கத்துச் சிறுத்தை பெரும்பாலும் செய்தியாகத்தான் எழுத்தில் வருகிறது. 2020 மே மாதம் நல்லதண்ணிப் பகுதியில், மரக்கறித் தோட்டத்துக் கம்பிச் சுருக்கில் ஒரு கருஞ்சிறுத்தை சிக்கியது. உயிரோடு மீட்டுச் சிகிச்சைக்கு உடவளவைக்குக் கொண்டுபோனார்கள், சில நாளில் செத்துவிட்டது. பன்றிக்கு வைக்கிற சுருக்கு ஆளைப் பார்த்துச் சிக்க வைப்பதில்லை. பயிரைப் பன்றி தின்றால் அந்த வீட்டில் அடுப்பு எரியாது என்பதும் எனக்குத் தெரியும், அதனால் வெறுமனே திட்டிவிட்டுப் போக மனம் வரவில்லை. ஆனால் இரண்டு பக்கத்தையும் உள்ளேயிருந்து பார்க்கிற கதை ஒன்று நம் தமிழில் வேண்டும். மலையகத்தில் எழுதுகிற தம்பி தங்கைகள் யாராவது இதை வாசித்தால், கொழுந்து எடுக்கிற உங்கள் அம்மாக்களிடம் சிறுத்தையைப் பற்றிக் கேளுங்கள். கையில் எவ்வளவோ வைத்திருக்கிறார்கள்.

எதிலிருந்து தொடங்கலாம் என்று கேட்பீர்கள். போர்ஹெஸ். சில பக்கங்கள்தான், ஒரே மூச்சில் முடியும், ஆனால் இரண்டு முறை வாசியுங்கள். அப்புறம் ரோசா, நேரம் இருக்கிற இரவில். கோனின் புத்தகத்தில் தத்துவம் கனமாக வரும் இடங்களைத் தாண்டிவிட்டுக் கதைகளை மட்டும் முதலில் படித்தாலும் குற்றமில்லை. வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் ராபினோவிட்ஸின் படப்புத்தகத்தை வாங்கிக் கொடுங்கள். திக்குகிற பிள்ளை என்றால் கட்டாயம் வாங்கிக் கொடுங்கள்.