வி.பி.எஸ் முடிஞ்ச பிறகு – கடிதமும் பதிலும்

கர்த்தருக்குள் அன்பான அக்காவுக்கு,

ஸ்தோத்திரம். உங்க கட்டுரைகளை ரொம்ப நாளா படிச்சிட்டு வரேன், எழுதறது இதுதான் முதல் தடவை. நான் ஒரு மெதடிஸ்ட் சபையில சண்டே ஸ்கூல் டீச்சர், கோடை லீவு நிகழ்ச்சிகளோட பொறுப்பும் என்கிட்டதான் இருக்கு. லீவு விட்டதும் வி.பி.எஸ் (பிள்ளைங்களுக்கு லீவுல நடத்தற பைபிள் ஸ்கூல்), வாலிபர் முகாம், குடும்ப பிக்னிக், விளையாட்டுப் போட்டி, வளாகம் சுத்தம் பண்றதுன்னு வரிசையா நடக்கும். எல்லாம் முடியறப்ப எனக்கு உடம்புல தெம்பே இருக்காது. ஆனா ஞாயிறு ஆராதனைல பாதி பெஞ்ச் காலியா கிடக்கும், நிறைய பேர் வெளியூர் போயிடுவாங்க.

போன வருஷம் வி.பி.எஸ்க்கு சபைக்கு வெளியில இருந்தும் பிள்ளைங்க வந்தாங்க. அதுல ஒரு பையன் தினமும் முதல் ஆளா வந்து நிப்பான், கடைசி நாள் பாட்டுக்கும் முன்வரிசையில நின்னான். அதோட சரி, அப்புறம் அவன் வரவே இல்ல. கொஞ்ச நாள் முன்னாடி அவனை பஸ்ல பாத்தேன், என்னைப் பாத்து சிரிச்சான், எனக்கு அவன் பேரே ஞாபகம் வரல. வீட்டுக்கு வந்து அழுதுட்டேன்.

எங்க கமிட்டில ஒரு பெரியவர் "இதெல்லாம் கிளப் பண்ற வேலை, சபைக்கு ஜெபமும் பிரசங்கமும் போதும்"ங்கறார். மத்தவங்க இந்த வருஷம் இன்னும் பெருசா பண்ணணும்ங்கறாங்க. இதுக்கு நடுவுல பாஸ்டருக்கும் மாறுதல் வந்திருக்கு. இதெல்லாம் நிஜமாவே சபையை கட்டுதா அக்கா? நடத்தலாமா, விட்டுடலாமா?

என் பேர் போட வேண்டாம், ப்ளீஸ்.

----

அன்புள்ள தங்கச்சிக்கு,

ஸ்தோத்திரம்மா. அந்தப் பையன் பேரை முதல்ல கண்டுபிடி. போன வருஷ ரெஜிஸ்ட்ரேஷன் ஃபார்ம் ஏதாவது ஒரு ஃபைல்லயோ யார் வீட்டு அலமாரிலயோ இருக்கும், அதுல அவங்க அம்மா அப்பா நம்பரும் இருக்கும். போன் பண்ணி, வரலாமான்னு கேட்டுட்டு, இன்னொரு டீச்சரையும் கூட்டிக்கிட்டு போய்ப் பாத்துட்டு வா. போனதும் சர்ச்சுக்கு ஏன் வரலன்னு கேக்காத, எப்படிப்பா இருக்க, படிப்பு எப்படிப் போகுதுன்னு கேளு, அது போதும். இந்த வருஷ பிளானிங் மீட்டிங் போடறதுக்கு முன்னாடியே இதை முடிச்சிடு. ஏன்னா நீ கேட்ட கேள்விக்கு என்கிட்ட இருக்கற பதிலும் இதேதான்: நிகழ்ச்சில பாத்த ஒருத்தரை அது முடிஞ்ச பிறகும் வாராவாரம் யாராவது விசாரிச்சா அந்த நிகழ்ச்சி சபையை கட்டும், விசாரிக்க ஆள் இல்லன்னா எவ்வளவு நல்லா நடத்தினாலும் கடைசி நாள் பாட்டோட அது முடிஞ்சு போயிடும்.

அந்தப் பெரியவர் சொன்னதுக்கு வரேன். அவர் மேல கோபப்படாத, ஜெபம் குறைஞ்சிடுமோன்னு அவருக்கு நியாயமான கவலை இருக்கு. ஆனா மெதடிஸ்ட் சபை பிறந்ததே ஆலயத்துக்கு வெளியிலதான்னு அவர்கிட்ட மரியாதையா எடுத்துச் சொல்லு. மெதடிஸ்ட் இயக்கத்தை ஆரம்பிச்ச ஜான் வெஸ்லி ரொம்ப ஒழுங்கு பாக்கற மனுஷர், ஆலயத்துக்கு வெளியில ஆத்துமாக்களை ஆதாயம் பண்றது கிட்டத்தட்ட பாவம்னே முன்னாடி நினைச்சிட்டிருந்ததா அவரே தன்னோட டைரில எழுதி வச்சிருக்கார். அப்படிப்பட்டவர் 1739 ஏப்ரல் 2ஆம் தேதி இங்கிலாந்துல பிரிஸ்டல் ஊர்ல ஒரு செங்கல் களத்துல நின்னு பிரசங்கம் பண்ணினார், கேக்க வந்தவங்க சுமார் மூவாயிரம் பேர்னு அவரே கணக்கு சொல்றார். ஆலயத்துக்குள்ள கால் வைக்கத் தயங்கின சுரங்கத் தொழிலாளிங்களும் கூலிக்காரங்களும் சுவிசேஷம் கேட்டதெல்லாம் இந்த மாதிரி திறந்தவெளியிலதான். அதே மாதிரி 1807 மே 31ஆம் தேதி, இங்கிலாந்துல மௌ காப்னு ஒரு குன்று மேல காலைல இருந்து ராத்திரி வரைக்கும் ஜெபமும் பிரசங்கமுமா ஒரு கேம்ப் மீட்டிங் நடந்தது. வெஸ்லியன் கான்ஃபரன்ஸ், அதாவது மெதடிஸ்ட் சபையோட தலைமைக் கூட்டம், அதே வருஷம் இந்த மாதிரி கூட்டமெல்லாம் முறையில்லன்னு தீர்மானம் போட்டு, அடுத்த வருஷம் அதை நடத்தின ஹியூ போர்னையே வெளியில அனுப்பிட்டாங்க. அந்த ஜனங்கள்ல இருந்து பிரிமிட்டிவ் மெதடிஸ்ட்னு தனிச் சபையே உருவாச்சு, அவங்களும் மத்தவங்களும் திரும்ப ஒண்ணா சேர 1932 வரைக்கும் ஆச்சு. மைதானத்துலயும் மரத்தடிலயும் நடக்கறதை சபை வேலை இல்லன்னு ஒதுக்கினா என்ன ஆகும்ங்கறதை நம்ம சபை வரலாறே காட்டுது, இதை நினைக்கறப்ப எனக்கு வருத்தமாவே இருக்கும்.

ஆனா வெளியில கூட்டம் கூட்டினது மட்டும் போதும்னு வெஸ்லியும் விடல. நீ முக்கியமா தெரிஞ்சுக்க வேண்டிய விஷயம் இதுதான், அதனால கொஞ்சம் நிதானமா சொல்றேன்.

1742 பிப்ரவரில பிரிஸ்டல் சங்கத்துக்காரங்க, அதாவது அந்த ஊர்ல வெஸ்லியைப் பின்பற்றின விசுவாசிங்க, கூடி உக்காந்தாங்க. பேசின விஷயம் ஜெபம் இல்ல, கடன். அவங்க கட்டின நியூ ரூம் கட்டடத்துக்கு கடன் பாக்கி இருந்தது, அதை எப்படி அடைக்கறதுன்னுதான் பேச்சு. கேப்டன் ஃபோய்னு ஒருத்தர் எந்திரிச்சு, ஆளுக்கு வாரம் ஒரு பென்னி கொடுத்தா அடைச்சிடலாமேன்னார். நிறைய பேர் ஏழைங்க, அவங்களால முடியாதேன்னு இன்னொருத்தர் சொன்னார். உடனே ஃபோய், அப்ப ரொம்ப ஏழையா இருக்கற பதினோரு பேரை என்கிட்ட விடுங்க, வாராவாரம் நானே போய் அவங்களைப் பாக்கறேன், அவங்களால கொடுக்க முடிஞ்சா சரி, முடியலன்னா அவங்களுக்கும் சேத்து நானே போட்டுடறேன், நீங்களும் ஆளுக்குப் பதினோரு பேரை இப்படி எடுத்துக்குங்கன்னார். எல்லாரும் ஒத்துக்கிட்டாங்க. காசு வாங்க வீடு வீடா போனவங்க அங்க என்ன பாத்தாங்கன்னா, ஒரு வீட்ல சண்டை, ஒரு வீட்ல ஒருத்தர் திரும்ப குடிக்க ஆரம்பிச்சிருக்கார், இதெல்லாம் வெஸ்லி காதுக்கு வந்ததும் இவ்வளவு நாளா நாம தேடிக்கிட்டிருந்தது இதைத்தானேன்னு அவருக்குப் பிடிபட்டுச்சு. கிளாஸ் மீட்டிங் ஆரம்பிச்சது இப்படித்தான். சுமார் பன்னெண்டு பேர், அவங்களுக்கு ஒரு லீடர், வாராவாரம் ஒவ்வொருத்தரையும் பாத்து உங்க ஆத்துமா எப்படி இருக்குன்னு விசாரிக்கணும், அவ்வளவுதான் ஏற்பாடு. வீடு வீடா போறதுக்கு நேரம் பத்தலன்னு ஆனப்ப, பன்னெண்டு பேரும் ஒரே இடத்துல கூடிக்கற மாதிரி மாத்திக்கிட்டாங்க.

கடன் அடைக்கறதுக்காக ஆரம்பிச்ச ஒரு ஏற்பாடு ஜனங்களைத் தாங்கிப் பிடிச்சிருக்கு பாரு. அதனால பிக்னிக் பஸ்ஸுக்கு பேர் எழுதறதையும், சுத்தம் பண்ற அன்னிக்கு யார் வந்தாங்கன்னு குறிச்சு வைக்கறதையும் சின்ன வேலைன்னு நினைக்காதம்மா. அந்த லிஸ்ட்ல இருக்கற ஒவ்வொரு பேருக்கும் பொறுப்பா ஒரு ஆள் இருக்காரான்னு மட்டும் பாரு.

பிள்ளைங்க விஷயத்துல நம்ம முன்னோருங்க இன்னும் கண்டிப்பா இருந்திருக்காங்க. வெஸ்லியோட அம்மா சூசன்னா, வீடு நிறைய பிள்ளைங்க, வேலையும் தலைக்கு மேல, இருந்தும் வாரத்துல ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு சாயங்காலத்தை ஒதுக்கி தனியா உக்காந்து பேசுவாங்க. ஜானுக்கு வியாழக்கிழமை. ஹானா பால்னு ஒரு மெதடிஸ்ட் பொண்ணு 1769லயே ஹை விக்கம் ஊர்ல சண்டே ஸ்கூல் ஆரம்பிச்சுட்டாங்க, சண்டே ஸ்கூலுக்குப் பேர்போன ராபர்ட் ரெய்க்ஸ் ஆரம்பிச்சது 1780ல, அதுக்கும் பதினோரு வருஷம் முன்னாடி. 1770ல ஹானா வெஸ்லிக்கு எழுதின கடிதத்துல, பிள்ளைங்க அடங்காத கூட்டமாத்தான் இருக்காங்க, ஆனா சொல்லிக் கொடுத்தா கேட்டுக்க விருப்பமா இருக்காங்கன்னு எழுதினாங்க. நீயும் வி.பி.எஸ் ரெண்டாம் நாள் இதையேதான் சொல்லியிருப்பன்னு நினைக்கறேன். வெஸ்லி தன் பிரசங்கிமாருக்குப் போட்ட விதியில, ஒரு சங்கத்துல பத்து பிள்ளைங்க இருந்தா வாரம் ஒரு மணி நேரமாவது அவங்களோட கூடணும்னு இருக்கு. அந்த வரம் எனக்கு இல்லையேன்னு கேட்டா, வரம் இருந்தாலும் இல்லாட்டியும் செஞ்சுதான் ஆகணும், இல்லன்னா நீ மெதடிஸ்ட் பிரசங்கியா இருக்க அழைக்கப்பட்டவன் இல்லன்னு பதிலும் அங்கயே இருக்கு. வாரம் ஒரு மணி நேரம்னுதான் சொன்னார், வருஷத்துல ஒரு வாரம்னு சொல்லல.

பாஸ்டர் மாறுதலை நினைச்சும் பயப்படாத. நம்ம சபை அமைப்பே அப்படித்தான், ஊழியர்களை இடம் மாத்திக்கிட்டே இருக்கற பழக்கம் வெஸ்லி காலத்துலயே வந்துடுச்சு. பிரிட்டிஷ் மெதடிஸ்ட் சபைல செப்டம்பர் 1ஆம் தேதி புது சபை வருஷம் தொடங்கறப்ப மாறுதல் வரும், அமெரிக்காவுல யுனைடெட் மெதடிஸ்ட் சபைல பெரும்பாலும் ஜூலை ஆரம்பத்துல வரும். அங்கெல்லாம் கோடைலதான் பழைய பாஸ்டர் மூட்டை கட்டறதும் புது பாஸ்டர் வந்து இறங்கறதும். பிரசங்கிமார் வந்து போயிட்டிருந்த அந்தக் காலத்துலயும் கிளாஸ் லீடருங்க அதே ஊர்ல அதே ஜனங்களோட இருந்தாங்க, அவங்க எல்லாரும் விசுவாசிங்கதான், ஆயர் பட்டம் வாங்கினவங்க இல்ல. உன் சபைல அந்த இடத்துல நீயும் உன் கூட இருக்கற டீச்சருங்களும் இருக்கீங்க. புது பாஸ்டர் வந்ததும் நீங்க அவர்கிட்ட கொடுக்க வேண்டியது பிள்ளைங்க பேர், குடும்ப விவரம், யாருக்கு உடம்பு சரியில்ல, யார் வீட்ல துக்கம்ங்கற லிஸ்ட். போன வருஷ போட்டோ ஆல்பத்தை அப்புறம் காட்டிக்கலாம்.

இனி இந்த வருஷத்துக்கு. நான் உன் இடத்துல இருந்தா நிகழ்ச்சிகளைப் பாதியா குறைப்பேன். வி.பி.எஸ் கட்டாயம் வேணும், பிக்னிக்கும் வேணும், ஏன்னா அன்னிக்குத்தான் பெரியவங்களும் சின்னவங்களும் ஒண்ணா உக்காந்து சாப்பிடறாங்க. போட்டியையும் சுத்தம் பண்றதையும் அதே நாள்ல சேத்துடலாம். வாலிபர் முகாமை அவங்களே நடத்தட்டும், நீ அதுல தலையிட வேண்டாம்.

வி.பி.எஸ்ல வயசு பாத்து பிரிச்ச பிறகு ஒவ்வொரு குரூப்பும் பன்னெண்டு பிள்ளைக்கு மேல போகாம பாத்துக்க, குரூப்புக்கு ரெண்டு பெரியவங்க. எந்தப் பெரியவரும் எந்தப் பிள்ளையோடும் தனியா இருக்கக் கூடாது, இதுல தயவு தாட்சண்யம் பாக்காத. யுனைடெட் மெதடிஸ்ட் சபைல பிள்ளைங்க பாதுகாப்புக்காக 1996லயே தீர்மானம் போட்டு சேஃப் சாங்சுவரிஸ்னு நடைமுறை கொண்டு வந்துட்டாங்க. யாரையோ சந்தேகப்படறதுக்காக இந்த விதி இல்ல, முன்ன பின்ன தெரியாத ஒரு அம்மா தன் பிள்ளையை நம்பி நம்ம கைல விட்டுட்டுப் போறாங்களே, அவங்களுக்கு நாம கொடுக்கற வாக்கு அது.

அந்த ரெண்டு பேருக்கும் வேலை கடைசி நாளோட முடியாதுன்னு முதல்லயே சொல்லிடு. அடுத்த கோடை வரைக்கும் அந்தப் பன்னெண்டு பேர் அவங்க பொறுப்பு. பிறந்தநாளுக்கு ஒரு போன், பரீட்சை நேரத்துல ஒரு ஜெபம், மாசம் ஒரு தடவை சேந்து ஒரு மணி நேரம். எல்லாமே அப்பா அம்மாவுக்குத் தெரிஞ்சு, அவங்க போன் வழியாத்தான் நடக்கணும்.

வி.பி.எஸ் முடியற அந்த கடைசி அரை மணி நேரத்தை கவனிச்சிருக்கியா? ஸ்பீக்கரை ஆஃப் பண்ணிருப்பாங்க, நாற்காலி அடுக்கற சத்தம் கேக்கும், கூட்டிட்டுப் போக இன்னும் யாரும் வராத ஒரு பிள்ளை மட்டும் வாசப்படில உக்காந்து, கைல செஞ்ச பொம்மைல பசை காயாம ஒட்டிக்கிட்டு இருக்கும், கேட்டையே பாத்துட்டு இருக்கும். எல்லாரும் சாமான் எடுத்து வைக்கற அவசரத்துல இருப்பாங்க. ரெண்டு பேர் அந்த வேலையை விட்டுட்டு வந்து அந்தப் பிள்ளை பக்கத்துல உக்காரணும். வீட்ல யார் யார் இருக்காங்க, அம்மா எப்ப வேலை விட்டு வருவாங்க, தனியா இருக்கறப்ப என்ன பண்ணுவங்கற விஷயமெல்லாம் அப்பத்தான் தானா வெளிய வரும், பாட்டு சொல்லித் தர்ற நேரத்துல வராது. அந்த அம்மா மூச்சு வாங்க ஓடி வர்றப்ப நீங்க முகம் சுளிக்காம நின்னு பேசினாலே அந்த வீட்டுக் கதவு உங்களுக்குத் திறந்துடும்.

காலி பெஞ்ச் விஷயத்தை நீ வேற மாதிரி பாக்கணும்னு நினைக்கறேன். லீவுல எல்லாரும் வெளியூர் போறப்ப எங்கயும் போக இடமில்லாதவங்கதான் ஆராதனைக்கு வராங்க, தனியா இருக்கற பாட்டி, புருஷனை இழந்தவங்க, லீவு கிடைக்காத வேலைல இருக்கறவங்க. கூட்டம் நிறைய இருக்கற மாசங்கள்ல இவங்க யார் கண்ணுலயும் படறதில்ல. கோடை ஞாயிறுகள்ல ஆராதனை முடிஞ்சதும் ஓடிடாம இவங்களோட உக்காந்து பேசு. வி.பி.எஸ் பிள்ளைங்க பேரை ஆளுக்கு ஒண்ணா ஒரு சீட்டுல எழுதி இவங்க கைல கொடுத்து, பாட்டி, இந்தப் பிள்ளைக்காக வருஷம் முழுக்க ஜெபம் பண்ணுங்கன்னு கேளு. அந்தப் பெரியவருக்கும் ஒரு சீட்டு கொடு, ஜெபம் வேணும்னு கேட்டவரே அவர்தானே, சந்தோஷமா வாங்கிப்பார்.

உன் டீச்சருங்களையும் பாத்துக்கம்மா. ஜான் வின்சென்ட்னு ஒரு மெதடிஸ்ட் ஊழியரும் லூயிஸ் மில்லரும் 1874ல அமெரிக்காவுல ஷட்டாக்வா ஏரிக்கரைல கோடைக் கூட்டம் ஒண்ணு ஆரம்பிச்சாங்க, அது சண்டே ஸ்கூல் டீச்சருங்களுக்காகவே நடத்தினது. படிப்பும் உண்டு, ஓய்வும் உண்டு. வி.பி.எஸ்க்கு முன்னாடி ஒரு நாள் முழுக்க உங்க டீச்சருங்களுக்குன்னு ஒதுக்கு, பயிற்சி காலைல போதும், சாயங்காலம் சும்மா உக்காந்து பேசிட்டு, பாடிட்டு வீட்டுக்குப் போங்க. களைச்சுப் போன டீச்சர் யாரையும் வருஷம் முழுக்க விசாரிக்க மாட்டாங்க.

பெருசா பண்ணணும்னு கேக்கறவங்ககிட்ட சண்டை போடாத, எத்தனை பிள்ளைங்க வரணும்னு கமிட்டில பேச்சு எடுக்கறதுக்கு முன்னாடி வருஷம் முழுக்க பொறுப்பு எடுத்துக்க எத்தனை பேர் தயார்னு கேட்டு பேர் எழுத ஆரம்பி. எட்டு பேர் வந்தா நாலு குரூப், நாப்பத்தெட்டு பிள்ளைங்க, அதுக்கு மேல ஃபார்ம் கொடுக்காத. இன்னும் நிறைய பிள்ளைங்க வரணும்னு ஆசைப்படறவங்க அவங்க பேரையும் எழுதிக் கொடுக்கட்டும், அந்த அளவுக்கு குரூப்பைக் கூட்டிக்கலாம்.

அன்புடன்,
அக்கா