ஏழெட்டு முறை படித்தும் நிம்மதி இல்லை!

கேள்வி: அலுவலக மின்னஞ்சல் ஒன்றை அனுப்புவதற்குள் ஏழெட்டு முறை படித்துவிடுகிறேன். அனுப்பிய பிறகும் மனம் அடங்குவதில்லை. வேலையில் கறாராக இருப்பது தப்பா?

பதில்: தப்பில்லை. ஆனால் அந்தக் கறார் யாருக்காக என்று பாருங்கள். 1991-இல் ஹெவிட், ஃப்ளெட் என்ற உளவியலாளர்கள் இதை மூன்றாகப் பிரித்தார்கள்: தன்னிடமே துளியும் குறையில்லாமையை எதிர்பார்ப்பது, அடுத்தவரிடம் எதிர்பார்ப்பது, ‘பிசகினால் மற்றவர்கள் மதிக்கமாட்டார்கள்’ என்று அஞ்சுவது. மனச்சோர்வோடு அதிகம் ஒட்டிவருவது மூன்றாவது. (இரண்டாம் வகைக்காரர் நமக்கு எழுதுவதில்லை, அவரோடு குடித்தனம் நடத்துபவர்தான் எழுதுவார்!)

ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பார்த்தால், ‘சரியாகப் பார்த்தோமா’ என்ற சந்தேகம்தான் வளரும். சாதாரண மின்னஞ்சல் ஒன்றில் தொடங்குங்கள். பெறுநர், தேதி, இணைப்பு மூன்றையும் சரிபாருங்கள். ஒரே முறை படியுங்கள். அனுப்புமுன் ஒரு தாளில், என்ன விபரீதம் நடக்கும், அதை எத்தனை சதவீதம் நம்புகிறீர்கள் என்று குறியுங்கள். இரண்டு நாள் கழித்து, நடந்ததைப் பக்கத்திலேயே எழுதுங்கள். இடையில் ‘அனுப்பியவை’ பகுதியைத் திறந்து எட்டிப்பார்ப்பது கள்ளாட்டம். பதற்றம் தானாக வடிவதை அது காணவிடாது.

ஒப்பந்தம், பணக்கணக்கு போன்றவற்றில் இந்தச் சோதனை வேண்டாம். அவற்றை இருமுறை படிப்பது நியாயமே. தூக்கம் கெடுமளவுக்குப் போயிருந்தால், அறிவுசார் நடத்தைச் சிகிச்சை (எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பயிற்றும் பேச்சுச் சிகிச்சை) தெரிந்த உளவியலாளரைப் பாருங்கள்.