கடையும் இருக்கிறது, மாஸ்டரும் இருக்கிறார்: எடுக்கலாமா?

கேள்வி: வாலாஜாபேட்டையில் வசிக்கிறேன். வயது 41. ராணிப்பேட்டையில் ஒரு ஷூ கம்பெனியில் 16 வருடம் கட்டிங் பிரிவு சூப்பர்வைசராக இருந்தேன். ஆர்டர் குறைந்ததால் கணக்கு முடித்து அனுப்பிவிட்டார்கள். பி.எஃப்., கிராஜுவிட்டி எல்லாம் சேர்த்து 7 லட்சம் கையில் இருக்கிறது. வேலூர் சத்துவாச்சாரியில் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு சின்ன பேக்கரியை ஓவன், மாவு பிசையும் மெஷின், ஷோகேஸ் உட்பட 5 லட்சத்துக்குத் தருகிறேன் என்கிறார் அதன் ஓனர். கட்டட அட்வான்ஸ் தனியாக ஒன்றரை லட்சம். மாஸ்டர் அங்கேயே தொடர்வாராம். எனக்கு பேக்கரி அனுபவம் இல்லை. மனைவி வீட்டில் கேக் செய்து அக்கம்பக்கத்தில் கொடுப்பார். கடையை எடுக்கலாமா? கடன் வாங்கலாமா? என்ன பெயர் வைக்கலாம்?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகர்)

பதில்: இப்போதைக்கு எடுக்க வேண்டாம். ஏழு லட்சத்தில் ஆறரை லட்சம் முதல் நாளே போய்விடும். மிச்சம் ஐம்பதாயிரத்தில் மைதா, சர்க்கரை, மாஸ்டர் சம்பளம், வாடகை, உங்கள் வீட்டு அரிசி, பிள்ளைகள் இருந்தால் அவர்கள் ஃபீஸ். ஐப்பசி மழை இரண்டு வாரம் விடாமல் பிடித்தால் அந்த ஐம்பதாயிரமும் கரைந்துவிடும். பேக்கரித் தொழிலே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. உங்களுக்கு இது சரிப்பட்டு வரும் என்றே நினைக்கிறேன். ஆனால் அந்தக் கடை வழியாக அல்ல.

ஓடுகிற கடையை ஏன் விற்கிறார் என்று கேட்டீர்களா? "ஊருக்குப் போகிறேன்", "உடம்பு சரியில்லை" என்பார்கள். உண்மையாகவும் இருக்கலாம். வியாபாரம் எவ்வளவு என்று ஓனர் வாயால் சொல்வதை விட்டுவிட்டு, கடந்த ஆறு மாத மைதா பில்லையும் கேஸ் சிலிண்டர் பில்லையும் காட்டச் சொல்லுங்கள். கல்லாவில் எவ்வளவு விழுந்தது என்று எதையும் சொல்லிவிடலாம், எத்தனை மூட்டை மாவு கரைந்தது என்பதில் கதை விட முடியாது. இன்னொன்று, சின்ன பேக்கரிகள் பலவற்றில் வாடகையைக் கட்டுவது டீயும் கூல் டிரிங்க்ஸும் வெளியிலிருந்து வாங்கிப் போடும் சிப்ஸ், மிக்சர் பாக்கெட்டுகளும்தான். சொந்தச் சரக்கில் எவ்வளவு, வாங்கி விற்பதில் எவ்வளவு என்று பிரித்துப் பார்த்தால், நீங்கள் வாங்கப்போவது பேக்கரியா டீக்கடையா என்பது தெரிந்துவிடும். டீக்கடை நடத்த ஐந்து லட்சத்துக்கு ஓவன் எதற்கு?

இதைவிட எனக்குப் பெரிய கவலை அந்த மாஸ்டர். நல்லவராக, கெட்டிக்காரராகவே இருக்கட்டும். ஓனருக்கு வேலை தெரியாத பேக்கரியில் உண்மையான ஓனர் மாஸ்டர்தான். இன்று பன் ஏன் கல் மாதிரி இருக்கிறது என்று கேட்டால் "மாவு சரியில்லை சார்" என்பார். நீங்கள் தலையாட்ட வேண்டும். பொங்கலுக்கு ஊருக்குப் போனவர் பத்து நாள் கழித்து வருவார், அல்லது வரவே மாட்டார். எதிர்க் கடைக்காரர் மூவாயிரம் சேர்த்துத் தருகிறேன் என்றால், போவதற்கு அவருக்கு முழு உரிமையும் உண்டு. பழைய மாஸ்டர்கள் பலர் கைக்கணக்கில் போடுகிறவர்கள், ஈஸ்ட் எத்தனை கிராம் என்று அவர்களுக்கே சொல்லத் தெரியாது. அவர் போகும்போது உங்கள் கடையின் ருசியும் கூடவே போய்விடும். ஆகவே பேக்கரிக்கு வர வேண்டுமென்றால் குறைந்தது ஒரு சரக்கையாவது உங்கள் கையால், தினமும் ஒரே மாதிரி, போடத் தெரிந்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு மாஸ்டரை வையுங்கள். அப்போது அவரும் உங்களை வேறு மாதிரி பார்ப்பார்.

கற்றுக்கொள்ள இடம் இருக்கிறது. வங்கிகள் நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையங்களில் பயிற்சி இலவசம். அடுத்த பேக்கரி வகுப்பு எப்போது என்று விசாரியுங்கள். விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்திலும் கேட்டுப் பாருங்கள். இன்னும் ஆழமாக வேண்டுமென்றால் தஞ்சாவூரில் உள்ள தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனமும், கோவை வேளாண் பல்கலைக்கழகமும் குறுகிய காலப் பயிற்சிகள் நடத்துகின்றன. வகுப்பு முடித்து சர்டிபிகேட்டை மாட்டிக்கொண்டால் போதாது. மூன்று மாதமாவது ஏதாவது ஒரு பேக்கரியில், சம்பளம் எதுவானாலும் சரி, விடியற்காலை வேலைக்குப் போங்கள். சூப்பர்வைசராக இருந்தவர் தட்டு துடைப்பதா என்று தோன்றலாம். தோன்றினால் இந்தத் தொழில் வேண்டாம், ஏனென்றால் சொந்தக் கடையிலும் முதல் வருடம் அந்த வேலையைத்தான் செய்யப்போகிறீர்கள்.

இப்போது உங்களிடம் இருக்கும் பலத்துக்கு வருகிறேன். கட்டிங்கில் 16 வருடம் என்றால், ஒரு ஜோடிக்கு எத்தனை சதுர அடி தோல் போக வேண்டும், எவ்வளவு கழிவு ஆகலாம் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வீர்கள். பேக்கரியும் அதே கணக்குதான், தோலுக்குப் பதில் மைதா. பெரும்பாலான புது ஆட்கள் விழுவது இந்தக் கணக்கு தெரியாமல்தான்.

ஒரு ஸ்வீட் பன்னை எடுத்துக்கொள்வோம். 1 கிலோ மைதா, 180 கிராம் சர்க்கரை, 60 கிராம் வெண்ணெய் அல்லது மார்ஜரின், 20 கிராம் பால் பவுடர், உப்பும் உலர் ஈஸ்ட்டும் தலா 15 கிராம், தண்ணீர் அரை லிட்டருக்குச் சற்று மேல். எல்லாம் சேர்ந்து சுமாராக 1.8 கிலோ மாவு வரும். 50 கிராம் உருண்டை பிடித்தால் 36 பன். கையால் குத்துமதிப்பாகப் பிடித்து ஒவ்வொன்றும் 55 கிராம் ஆகிவிட்டால் 32 அல்லது 33தான். கிலோவுக்கு மூன்று நான்கு பன் யாருக்கும் தெரியாமல் காணாமல் போகிறது. தராசு இல்லாமல் ஒரு உருண்டைகூடப் பிடிக்கக் கூடாது என்பது இதற்காகத்தான். இன்றைய விலையைப் போட்டு, கேஸ், கவர், உங்கள் கூலி, பெட்ரோல் எல்லாம் சேர்த்து ஒரு பன்னின் அடக்கத்தை எழுதிப் பாருங்கள். உங்கள் கூலியை விட்டுவிடாதீர்கள், எல்லோரும் அதைத்தான் விடுகிறார்கள்.

அடுத்தது ரிட்டர்ன். டீக்கடைகளுக்கு லைன் போட்டால், அதாவது தினமும் கடை கடையாகக் கொண்டுபோய் சரக்கு வைத்தால், விற்காததைத் திருப்பித் தருவார்கள். உதாரணத்துக்கு, பன் அடக்கம் 4 ரூபாய், கடைக்கு 6 ரூபாய்க்குப் போடுகிறீர்கள் என்று வைப்போம். 100 பன்னும் விற்றால் 200 ரூபாய் லாபம். 15 திரும்பி வந்தால் 510 ரூபாய் வரவு, 400 செலவு, லாபம் 110. பதினைந்து பன்னில் லாபம் கிட்டத்தட்டப் பாதி போய்விட்டது பார்த்தீர்களா? அதனால் "இன்னும் பத்து வச்சுட்டுப் போங்க" என்று கடைக்காரர் சொல்லும்போது சந்தோஷப்படாமல், நேற்று எத்தனை மிஞ்சியது என்று கேளுங்கள். திரும்பி வந்த பன்னை ரஸ்க் ஆக்கிவிடலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். கடையில் பல கை பட்டு, வெயிலில் கிடந்து வந்ததை மறுபடி மனிதர்களுக்குக் கொடுக்காதீர்கள். உங்கள் இடத்தை விட்டு வெளியே போகாத ரொட்டியில் போடுங்கள் ரஸ்க்கை.

ரிட்டர்னே இல்லாத வியாபாரம் ஒன்று உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. மேல்விஷாரம், ஆம்பூர், வாணியம்பாடி கல்யாணங்களில் பிரியாணி என்றால் கத்தரிக்காயும் தயிர்ப் பச்சடியும் பிரெட் அல்வாவும் கூடவே வரும். அந்த அல்வாவுக்கு ரொட்டி கிலோ கணக்கில் வேண்டும். சமையல் எடுத்துச் செய்யும் பிரியாணி மாஸ்டர்களைப் பிடியுங்கள். இன்ன தேதிக்கு இத்தனை ரொட்டி, முன்பணம் இவ்வளவு. கல்யாணம் முடிந்து யாரும் ரொட்டியைத் திருப்பிக் கொண்டு வரப்போவதில்லை. அதேபோல வேலூரில் சி.எம்.சி.யைச் சுற்றியுள்ள லாட்ஜுகளில் வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வரும் நோயாளிகளும் குடும்பங்களும் வாரக்கணக்கில் தங்குகிறார்கள். காலை டீக்கு ரஸ்க் கடிக்கிற பழக்கம் அவர்களில் பலருக்கு உண்டு. ரஸ்க் நாள்பட நிற்கும் சரக்கு, புது ஆளுக்குப் பயம் குறைவு. அந்தத் தெருக்களில் மளிகைக் கடை வைத்திருப்பவர்களிடம் நாலு பேச்சு கொடுத்தால் என்ன ஓடுகிறது என்று தெரியும். காட்பாடியில் கல்லூரி மாணவர்களை நம்பிப் போடும் பஃப்ஸும் ஓடும், ஆனால் செமஸ்டர் லீவில் தெருவே காலி. அதை மட்டும் நம்ப வேண்டாம்.

வெயிலைப் பற்றிச் சொல்லாமல் வேலூரில் பேக்கரி பேச முடியாது. பிசைந்த மாவு 26, 28 டிகிரியில் இருந்தால் ஒழுங்காகப் பொங்கும். அக்னி நட்சத்திரத்தில் வெளியே 40ஐத் தாண்டும்போது ஷீட் போட்ட அறைக்குள் மாவு உங்களைக் கேட்காமலே பொங்கிப் புளித்துவிடும். பிசைய ஐஸ் தண்ணீர் ஊற்றுவதும், ஈஸ்ட்டை மூன்றில் ஒரு பங்கு குறைப்பதும், விடியற்காலை மூன்று நான்கு மணிக்குப் பிசைவதும் அதற்காகத்தான். ரொட்டியைச் சூட்டோடு கவரில் போட்டால் உள்ளே வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும். நன்றாக ஆறட்டும். கோடையில் இன்னொரு வியாதியும் வரும்: ரொட்டியைப் பிட்டால் நடுவில் பிசுபிசுவென்று நூல் விடும், அழுகிய பழ வாடை அடிக்கும். ஓவன் சூட்டிலும் சாகாத ஒரு வகைக் கிருமியின் வேலை அது. வந்துவிட்டால் அந்த லோடு முழுவதையும் கொட்டிவிட்டு, மேசை, தட்டு, கத்தி எல்லாவற்றையும் வினிகர் போட்டுக் கழுவ வேண்டும். கிரீம் கேக் ஷோகேஸ் கனவை, கரன்ட் போனால் தாங்குகிற அளவுக்கு நீங்கள் வளர்ந்த பிறகு வைத்துக்கொள்ளலாம்.

கேக் என்றதும் நினைவுக்கு வருகிறது. உங்கள் கடிதத்தில் மனைவி ஒரே வரியில் வந்து போகிறார். "எனக்கு அனுபவம் இல்லை" என்கிறீர்கள், வீட்டில் அனுபவம் இருக்கிறதே! அடுப்படியில் நிற்பவர் அவர், வாடிக்கையாளர் இருப்பது அவருக்கு. காசு வாங்கிக்கொண்டு கொடுக்கிறாரா, சும்மா கொடுக்கிறாரா என்று நீங்கள் எழுதவில்லை. சும்மா என்றால் இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள். ஆர்டர், முன்பணம், பிறகுதான் கேக். கிறிஸ்துமஸுக்கு பிளம் கேக் போடுவதானால் பழத்தை முன்கூட்டியே ஊற வைக்க வேண்டும். அவரைக் கேட்காமல் எந்த முடிவும் வேண்டாம், ஏனென்றால் கடை வந்தால் பாதி வேலை அவர் தலையில்தான் விழும்.

காகித வேலை பெரிதல்ல. உணவுப் பாதுகாப்புத் துறையில் சிறு உற்பத்தியாளராகப் பதிவு செய்ய வருடக் கட்டணம் 100 ரூபாய். கிடைக்கும் 14 இலக்க எண்ணைக் கவரில் அச்சடிக்க வேண்டும். வீட்டில் கேக் செய்து விற்பதற்கும் இது தேவை. சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவு இலவசம், பணம் கேட்கும் இணையதளம் போலி. சரக்குக்கு ஜி.எஸ்.டி. பதிவு வரம்பு ஆண்டு விற்பனை 40 லட்சம். ரொட்டிக்கு வரி கிடையாது, கேக், பிஸ்கட்டுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதம். வீட்டு சிலிண்டரில் தொழில் செய்யக் கூடாது, 19 கிலோ வணிக சிலிண்டர்தான். ரொட்டி உப்பி வர ஒரு பவுடர் இருக்கிறது என்று யாராவது பொட்டாசியம் புரோமேட்டை நீட்டினால் வாங்காதீர்கள், 2016லேயே தடை செய்துவிட்டார்கள். மலிவு மார்ஜரின் வாங்கும்போது டிரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்துக்குள் இருக்கிறதா என்று பாருங்கள், 2022 முதல் அதுதான் சட்டம்.

கடன் இப்போது வேண்டாம். தினமும் ஒரே அளவு சரக்கு போட்டு, ஆறு மாத நோட்டுக் கணக்கு கையில் இருக்கும்போது மாவட்டத் தொழில் மையத்துக்குப் போங்கள். சிறு உணவுத் தொழில்களுக்கான மத்திய அரசின் திட்டம் ஒன்று 2020இல் வந்தது. தகுதியான திட்டச் செலவில் 35 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் வரை மானியம் என்று அறிவித்தார்கள். விண்ணப்பம் வாங்குகிறார்களா என்று அப்போது கேட்டுக்கொள்ளுங்கள். மானியம் கையில் தரும் காசு அல்ல, கடன் கணக்கில் பின்னால் கழிவது. அதை நம்பி வேறு செலவு திட்டமிடாதீர்கள்.

ஏழு லட்சத்தைப் பிரித்துவிடுங்கள். ஒரு வருட வீட்டுச் செலவு தனிக் கணக்கில், தொடக் கூடாது. மிச்சத்தில் பழைய ஒற்றை டெக் (ஒரே அடுக்கு) கேஸ் ஓவனும் சின்ன மாவு மெஷினும் வாங்கி, வாலாஜாவிலேயே வாடகை குறைந்த உள் தெருவில் ஒரு அறை பிடித்தால் போதும். ரோட்டு முகப்பு தேவையில்லை, சரக்கு போவது வண்டியில்தானே. மெஷினுக்கு மும்முனை இணைப்பு வேண்டுமா என்று வாங்குவதற்கு முன்பே மின்வாரியத்தில் கேளுங்கள். ஒரு வருடம் கழித்து ரோட்டுமேல் கடை வேண்டும் என்று தோன்றினால் அப்போதும் சத்துவாச்சாரியில் யாராவது விற்றுக்கொண்டுதான் இருப்பார்கள். "இன்னொரு பார்ட்டி ரெடியாக இருக்கிறார்" என்று அந்த ஓனர் அவசரப்படுத்தினால், அந்தப் பார்ட்டிக்கே கொடுக்கச் சொல்லுங்கள்.

பெயர் கேட்டிருந்தீர்கள். உங்கள் மனைவியின் கேக்கை அக்கம்பக்கத்தில் என்ன பெயர் சொல்லிக் கேட்கிறார்களோ, அதையே வைத்துவிடுங்கள்.