விளக்கடி வேளாண்மை ஏன் கதிர் தள்ளவில்லை?

கேள்வி: ஐயா, பாட்டன் காலத்து ஆறு மாத நெல்லை ஒரு வரவையில் விதைத்தேன். றோட்டு லைற்றுக்குக் கீழே நிற்கிற வேளாண்மை மட்டும் குடலை கட்டாமல் உசந்துகொண்டே போய் இப்போது சாய்ந்தும் விட்டது. பக்கத்து வயல் மூன்றரை மாத நெல்லுக்கு ஒன்றுமில்லை. செய்வினை என்கிறாள் மனைவி.
– வாசகர், வவுணதீவு

பதில்: பூசாரிக்குக் காசு கொடுத்து விடாதீர்கள் தம்பி. வேலையைச் செய்தது லைற்றுத்தான்.

பழைய நெல் இராப்பொழுதை அளந்து பூக்கும் சாதி. நம் மட்டக்களப்பில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் ஒரு மணித்தியாலம்கூட வித்தியாசமில்லை. நெல்லுக்கு அரை மணித்தியாலமே போதும். இலைக்குள் சில மரபணுக்கள் காலையிலும் சில மாலையிலும் எழும்பி, ஒன்றையொன்று அடக்கி, ஏறக்குறைய 24 மணித்தியாலச் சுற்றை ஓட்டுகின்றன. இதுதான் பயிரின் உள்கடிகாரம். வெளிச்சத்தை உணர்வது பைற்றோகுரோம் என்ற புரதம். மார்கழியில் இரவு நீண்டதும் எச்டி1 என்ற மரபணு, எச்டி3ஏ புரதத்தைச் செய்யத் தூண்டும். அது இலையில் உருவாகிக் குருத்துக்குப் போய்க் கதிருக்கு வழி திறக்கும். இதை 2007இல் யப்பானியர் காட்டினார்கள். இரவில் வெளிச்சம் விழுந்தாலோ அதே எச்டி1 தடைக்காரனாகிவிடும். இந்தக் குணம் எனக்கு இன்னும் வியப்புத்தான். மூன்றரை மாத நெல்லை, பகல் நீளத்தைப் பெரிதாகப் பொருட்படுத்தாதபடி தெரிந்தெடுத்திருக்கிறார்கள்.

கதிருக்குப் போகாத பயிர் இலையும் தண்டும் வைத்துக்கொண்டே போகும். பழைய நெல் ஏற்கெனவே நெட்டை. அதை நிமிர்த்தி வைப்பது தண்டின் கலச்சுவர்: செலுலோசு நார், அதை விறைப்பாக்கும் லிக்னின், கொஞ்சம் சிலிக்கா. நெல்லில் தடித்த சுவருக்குச் செலுலோசு நெய்ய மூன்று மரபணுக்கள் சேர வேண்டும். ஒன்று பழுதானாலும் தண்டு சடக்கென்று முறியும். சுவர் வேலையும் அந்தக் கடிகாரத்துக்குக் கட்டுப்பட்டதுதான். கடுகுக் குடும்பத்து அரபிடாப்சிஸ் செடியில் லிக்னின் வழியில் வரும் பல மரபணுக்கள் விடியற்புறமே எழும்புகின்றன. உங்கள் நெல்லின் தண்டில் லைற்று அதைக் குழப்பியதா என்று இங்கிருந்து சொல்ல மாட்டேன். யூரியாவை அளவுக்கு மிஞ்சி அள்ளி வீசியிருந்தால் அதுவும் சாய்க்கும், உள்ளதைச் சொல்லுங்கள்.

லைற்றின் வயல்பக்கத்தை மறைக்கச் சொல்லிப் பிரதேச சபைக்கு ஒரு கடிதம் கொடுங்கள். சரிவராவிட்டால் அடுத்த மாரிக்கு அந்த மூலையில் மூன்றரை மாத நெல்லைப் போடுங்கள்.

கேள்வி: புளிய இலை இரவில் மடங்குவது இருட்டைக் கண்டா?
– மாணவி, அக்கரைப்பற்று

பதில்: இருட்டு மட்டுமல்ல, பிள்ளை. 1729இல் பிரான்சின் டி மேரான், தொட்டாற்சுருங்கி வகைச் செடியொன்றை இருட்டில் வைத்தார். அப்போதும் அது பகலில் விரிந்து இரவில் மடங்கியது. செடிக்குள்ளேயே ஒரு கடிகாரம் ஓடுகிறது என்பதுதான் இதன் பொருள்.