பின் சீட்ல பெல்ட் போடலைன்னு 1000 ரூபா செலான், தனிமனித சுதந்திரம்னு கேஸ் போடலாமா?

கேள்வி: கோயமுத்தூர்ல இருந்து பழனிக்கு குடும்பத்தோட கார்ல போனோம், நான்தான் ஓட்டுனேன், முன்னாடி மனைவி. பின்னாடி மாமனார் பெல்ட் போடல, என் 4 வயசு பையன் அவர் மடியில இருந்தான். போலீஸ் நிறுத்தி என் பேர்ல 1000 ரூபா செலான் போட்டுட்டாங்க. பெல்ட் போடாதது அவரு, ஃபைன் எனக்கா? "என் உயிரு, என் இஷ்டம், கோர்ட்ல பாத்துக்கலாம்"னு மாமனார் நிக்கிறார். அலாரம் கத்துதேன்னு டிரைவர் சீட் பக்கிள்ல ஒரு கிளிப் வேற சொருகி வச்சிருக்கேன். பெல்ட் போடாம ஆக்சிடெண்ட் ஆனா நஷ்டஈடு கிடைக்காதா?

பதில்: செலான் சரிதாங்க. மோட்டார் வாகனச் சட்டம் 194-பி பிரிவு பெல்ட் போடாம ஓட்டுறவரை மட்டும் சொல்லல, பெல்ட் போடாத ஆளை ஏத்திக்கிட்டு ஓட்டுறவருக்கும் 1000 ரூபானு சொல்லுது, அதனாலதான் உங்க பேர்ல வந்துச்சு. பின் சீட்டுக்கு எப்ப வந்துச்சு இந்த ரூல்னு நிறைய பேர் கேக்குறாங்க, மத்திய மோட்டார் வாகன விதி 138(3)லயே முன்பக்கம் பாத்து உக்காருற பின் சீட் ஆட்களும் போடணும்னு இருக்கு, யாரும் கண்டுக்காம விட்டதுதான் விஷயம். இன்னொன்னு, 14 வயசுக்கு கீழ உள்ள குழந்தை பெல்ட்டோ சைல்ட் சீட்டோ இல்லாம இருந்தா அதே பிரிவோட இரண்டாவது பகுதியில தனியா இன்னொரு 1000 ரூபா போடலாம், அதை உங்களுக்கு போடல.

இப்ப மாமனாரோட வாதத்துக்கு வர்றேன், அதை சும்மா தள்ளிவிட எனக்கு மனசில்ல. ஏன்னா உடம்பு மேல உரிமைங்கிறது நம்ம சட்டத்துல நிஜமாவே இருக்கு. நாளைக்கு அவர் தீராத நோய்ல படுத்துட்டா எனக்கு வென்டிலேட்டர் வேணாம்னு இப்பவே முறைப்படி எழுதி வைக்கலாம், 2018ல காமன் காஸ் கேஸ்ல சுப்ரீம் கோர்ட் அதை உயிருக்கும் தனிமனித சுதந்திரத்துக்கும் உரிமை தர்ற ஆர்டிகிள் 21க்குள்ள கொண்டு வந்துடுச்சு. அப்ப பெல்ட் மட்டும் ஏன் கட்டாயம்னு கேட்டா, ஆஸ்பத்திரி கட்டில்ல அவர் எடுக்குற முடிவு அவரோட முடிஞ்சிடும், ஓடுற கார்ல அப்படி முடியாதுங்க. 80ல போற கார் எதுலயாவது மோதி நின்னா பின்னாடி இருக்குற உடம்பு அதே 80ல முன் சீட்டு முதுகுல போய் அடிக்கும், அந்த சீட்ல இருந்தது அவர் பெத்த பொண்ணு. நடுவுல மாட்டுறது அவர் மடியில இருந்த பேரன், எவ்வளவு இறுக்கிப் பிடிச்சாலும் அந்த நேரத்துல கை நிக்காது. 2022 செப்டம்பர் 4ல பால்கர் பக்கத்துல சூர்யா ஆத்துப் பாலத்துல டாடா குழுமத்தோட முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி போன கார் மோதுனப்ப முன்னாடி இருந்த ரெண்டு பேரும் காயத்தோட பிழைச்சாங்க, பின்னாடி பெல்ட் இல்லாம இருந்த ரெண்டு பேரும் இறந்துட்டாங்க, அதை மாமாகிட்ட சொல்லுங்க.

கோர்ட்டுல எடுபடுமான்னா, எடுபடாது. ஹெல்மெட் கட்டாயம்னு சொல்றது நடமாடுற சுதந்திரம் தர்ற ஆர்டிகிள் 19க்கும், 21க்கும் விரோதம்னு ஹைதராபாத் ஹெல்மெட் ரூலை எதிர்த்து ஒருத்தர் போனப்பவே 1988ல சுப்ரீம் கோர்ட் அஜய் கானு கேஸ்ல ஏத்துக்கல. கார் என் சொந்த இடம்னு சொன்னாலும் நிக்காது, ரோட்டுல ஓடுற சொந்தக் காரும் பொது இடம்தான்னு 2019ல பீகார் மதுவிலக்கு கேஸ்ல சொல்லிட்டாங்க. அதே சமயம் சட்டம் இங்க அளவோடதான் நிக்குது, ஹெல்மெட் இல்லன்னா 3 மாசம் லைசென்ஸ் தகுதியிழப்பு இருக்கு, பெல்ட்டுக்கு வெறும் அபராதம்தான், இதுக்காக லைசென்ஸை பறிக்கவோ கார் சாவியை பிடுங்கவோ சட்டத்துல இடமில்ல. அப்படி யாராவது பண்ணா அப்ப என்கிட்ட வாங்க, அதுக்கு சண்டை போடலாம்.

நஷ்டஈடு விஷயத்துல பயப்பட வேண்டாம். எதிர்ல வந்த வண்டி மேல தப்புன்னா, பெல்ட் போடலங்கிற ஒரே காரணத்துக்காக உங்க க்ளெய்மை அப்படியே தள்ளிட முடியாது. 2020ல முகமது சித்திக் கேஸ்ல, பைக்ல மூணு பேர் போனது சட்டமீறல்தான், ஆனா அதுதான் விபத்துக்கோ அடியோட தீவிரத்துக்கோ காரணம்னு நிரூபிக்காம தொகையை குறைக்கக்கூடாதுன்னு சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு. ஆனா இந்த கடைசிப் பகுதியை கவனிங்க, பெல்ட் போட்டிருந்தா அடி குறைஞ்சிருக்கும்னு இன்சூரன்ஸ் கம்பெனி டாக்டரை கூப்பிட்டு நிரூபிச்சா தொகையில ஒரு பங்கு வெட்டு விழ வாய்ப்பிருக்கு. இங்கிலாந்துல 1975லயே ஃப்ரூம் கேஸ்ல இதுக்கு கணக்கே போட்டாங்க, பெல்ட் போட்டிருந்தா காயமே ஆகியிருக்காதுன்னா 25 சதவீதம், குறைஞ்சிருக்கும்னா 15 சதவீதம். இத்தனைக்கும் அப்ப அங்க பெல்ட் போடுறது கட்டாயமே இல்ல, அந்த ஆளும் ஆக்சிடெண்ட் ஆனா உள்ள மாட்டிக்குவேன்னு பயந்துதான் போடலன்னு சொன்னாரு.

அந்த கிளிப்பை இன்னைக்கே பிடுங்கி எறிஞ்சிடுங்க. 2023ல மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 5 ஆன்லைன் கம்பெனிகளுக்கு ஆர்டர் போட்டு அந்த மாதிரி கிளிப் விக்கிறதையே எடுக்க வச்சது. பெல்ட் போட்ட ஆளை மனசுல வச்சுதான் ஏர்பேக்கையே டிசைன் பண்றாங்க, பெல்ட் இல்லாம ஏர்பேக்கை மட்டும் நம்பி ஓட்டாதீங்க.

செலானை ஆன்லைன்ல கட்டி முடிச்சிடுங்க. கட்ட மாட்டேன்னு மாஜிஸ்திரேட் முன்னாடி போக உங்களுக்கு உரிமை இருக்கு, ஆனா அன்னைக்கு மாமனார் பெல்ட் போடலன்னு நீங்களே எழுதியிருக்கீங்க, அதனால அதுக்காக லீவு போட்டு அலைய நான் சொல்ல மாட்டேன். பையனோட வயசுக்கும் எடைக்கும் தகுந்த சைல்ட் சீட் ஒன்னு வாங்குங்க. மாமனார் பக்கம் பக்கிள் குஷனுக்கு கீழ போயிருக்கானு கை விட்டு பாருங்க, நிறைய கார்ல பின் சீட் கவர் போட்டு அதை மறைச்சே வச்சிருக்காங்க.